ஒன்று விட்டுப் பறிப்பவர்

அன்று காலை கண்ணாடி வீட்டுக்குள் நின்றவர்கள்: செஃப். பிரேசிலில் இருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த பெண். கொதிகலன் பார்க்கிற சுவிஸ் கிழவர். நான். அக்கா.

செஃப் என்றால் மேலாளர். இங்கே வேலை செய்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். வெளியே பனி கொட்டியது. உள்ளே பிரேசில் கரையோர மழைக்காடு. தாவரத் தோட்டத்தின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே அதை வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

செஃப் முழங்காலில் இருந்தார். கையில் பூதக்கண்ணாடி. முழங்கால் உயரச் செடி ஒன்றின் அடியில், மண்ணோடு ஒட்டி, ஒரு பூக்கதிர். அதில் பூ சோடி சோடியாக வரும். போன கிழமை விரிந்த சோடிகளில் எல்லாம் ஒரு பூ வாடி நின்றது. மற்றது இருக்க வேண்டிய இடம் வெறுமை.

"நத்தை இல்லை," என்றார் செஃப். "நத்தை என்றால் கரும்பியிருக்கும். இது நகத்தால் கிள்ளியது. யார் இதை..."

கேள்வி முடியவில்லை. அக்கா கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூக்குவது மாதிரி. முழங்கை மடங்காமல்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதத் தேவையில்லை. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அக்கா மட்டக்களப்புப் பக்கம். நகரத்து ஓரம், பூம்ப்ளிஸில் மூன்றாம் மாடியில் வீடு. விடிய முதல் எழும்பி, முழுகி, ஈரத்தலையோடு இறங்குவார். அந்தக் குளிரில். கையில் பாண் வாங்கிய கடதாசிப் பை. டிராம் தரிப்பிடம் வரைக்கும் உள்ள வேலிகள் எல்லாம் அவருக்குப் பாடம். எந்த வேலியில் எந்த மாதம் என்ன பூ, எந்த வீட்டில் நாய், எந்த நாய் குரைக்காது. தரிப்பிடத்துக்கு வரும்போது பை நிறைந்திருக்கும். வேலைக்குப் போகும் வழியில் யூரோபாபிளாட்ஸ் தரிப்பிடத்தில் இறங்கி, கோவில் வாசலில் பையைக் கொடுத்துவிட்டு அடுத்த டிராம் பிடிப்பார்.

அதற்குச் சட்டங்கள் வைத்திருந்தார். பறித்த பூவை மணக்கக்கூடாது. கீழே விழுந்ததை எடுக்கக்கூடாது. வெயில் பட முதல் பறிக்க வேண்டும். ஒரு கொப்பில் உள்ளதை முழுக்கப் பறிக்கக்கூடாது. குறைந்தது ஒன்றை விட வேண்டும்.

"செடிக்கும் ஒண்டு வேணும்தானே," என்பார்.

மகள் பிரெஞ்சு பேசுகிற பக்கம், ரெனானில் கலியாணம் கட்டி இருந்தாள். பிரெஞ்சுக்காரர் மாதிரிக் கதைப்பாள். தாயோடு நடக்க வெட்கப்படுவாள்.

"அம்மா, இது களவு. இங்க பொலிசுக்குப் போன் அடிப்பாங்கள்."

"களவெண்டா வீட்டைக் கொண்டு வந்திருப்பன்," என்றார் அக்கா.

ஒருமுறை ஒரு சுவிஸ் கிழவி பிடித்துவிட்டார். வேலிக்குள் கையை நீட்டியபடி அக்கா. உள்ளே இருந்து மணிக்கட்டை எட்டிப் பிடித்தபடி கிழவி. யாருக்குப் பூ என்று கிழவி கேட்டிருக்கிறார். அக்காவுக்கு அப்போது பாஷை இல்லை. மேலே கையைக் காட்டினாராம். கிழவி நிமிர்ந்து பார்த்தார். மேல் மாடியில் அவருடைய மருமகன் பல் தீட்டிக்கொண்டு நின்றான்.

"அவனுக்கு எதற்குப் பூ?" என்று கிழவி கேட்டாராம்.

இதைச் சொல்லும்போது அக்கா சிரிக்கமாட்டார். நாங்கள்தான் சிரிப்போம்.

அடுத்த நாள் அக்கா ஒரு பொதி வடையைக் கிழவியின் தபால் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்தார். அதிலிருந்து கிழவி தானே பூவைக் கத்தரித்து, கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, மதிலில் வைக்கத் தொடங்கினார். அக்கா அதைத் தொடவில்லை.

"தண்ணியில வைச்ச பூ சாமிக்கு ஆகாது, தம்பி. ஆனா நல்ல மனுசி."

கோப்பைக்குப் பக்கத்தில் நின்று வேலிப் பூவைத்தான் பறித்தார். ஒன்றை விட்டு.

பனிக் காலத்திலும் பை வெறுமையாகப் போனது குறைவு. சுடலை மதிலுக்கு வெளியே, பனி உருகிய இடத்தில், விரல் உயரத்தில் வெள்ளைப் பூ ஒன்று வரும். மற்றவர்கள் மிதித்துப் போவார்கள். அக்கா குனிவார்.

அப்படிப்பட்டவர் எங்களிடம் வேலைக்கு வந்தார். பூ குறைந்த காட்டுக்கு.

மழைக்காட்டில் உயரத்தில் இருப்பவைதான் வெளிச்சத்தைத் தின்னும். வருகிறவர்களும் பனைகளைத்தான் அண்ணாந்து படம் எடுப்பார்கள். அக்காவின் வேலை இடுப்புக்குக் கீழே. நிழலில் வளர்கிற கூட்டம் அது. பன்னங்கள், கூவைக்கிழங்கு மாதிரி அகல இலைச் செடிகள், பாசி. எங்கள் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. அது இலையில் வெள்ளையாகப் படியும். படிந்தால் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் இலைக்குள் போகாது. அக்கா மழைத் தண்ணீரில் பருத்தித் துணியை நனைத்து, இலைக்குக் கீழே இடது கையை வைத்து, காம்பில் இருந்து நுனி வரை ஒருமுறை துடைப்பார். திருப்பித் துடைப்பதில்லை. அடுத்த இலை.

சில இலைகளுக்கு அடிப்பக்கம் ஊதா. ஏன் என்று ஒருநாள் செஃப் விளக்கினார். வந்த வெளிச்சம் இலையைத் தாண்டிப் போகாமல் அந்த ஊதா திருப்பி அனுப்புமாம். நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"மிச்சம் பிடிக்கிற செடி," என்றார்.

வேலையில் சேர்ந்த அன்று செஃப் ஒன்றுதான் சொன்னார். இங்கே ஒன்றையும் பறிக்கக்கூடாது. அக்கா சரி என்றார். பறிக்கவில்லை. வருடக் கணக்காகப் பறிக்கவில்லை. இஞ்சிச் சாதிச் செடி ஒன்று சிவப்பாய்ப் பூத்து நிற்கும். அக்கா அதன் இலையைத் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிவார். பூவைப் பார்க்கமாட்டார்.

"ஆசை வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"பார்த்தால்தானே வரும்."

நான் சொன்ன முழங்கால் உயரச் செடி மூலையில், நீராவிக் குழாய்க்குக் கீழே நின்றது. ஒரே ஒரு பற்றை. வெல்வெட் மாதிரி இலை, துடைக்கக்கூடாது. லத்தீனில் நீளமான பெயர். அது எடுக்கப்பட்ட கரைக் காட்டில் இப்போது யூக்கலிப்டஸ் நட்டிருக்கிறார்களாம். பிரேசில் பெண் அந்த ஊர்க்காரி. கிழங்கைப் பிரித்து நட்டுப் பார்த்தார்கள், அழுகியது. விதை வேண்டும். விதைக்குப் பூ வேண்டும். செடி பூக்கவில்லை.

பிறகு அந்தத் தை மாதம் பூத்தது.

பிரேசில் பெண் மண்ணில் வயிறு பட விழுந்து பார்த்தாள். எங்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். மஞ்சளும் வெள்ளையும். சுண்டு விரல் நக அளவு. ஒரு சோடி பூ, ஒன்று மற்றதைக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு சோடிதான் விடிய விரியும், பின்னேரம் சோரும். உள்ளே வில் மாதிரி ஒரு நரம்பு வளைந்து இருக்கும். பூச்சி தொட்டால் அது படாரென்று அடித்து மகரந்தத் தூளை மாற்றும். ஒரு பூவுக்கு ஒரு தரம்தான். வெறுமனே தொட்டுவிட்டால் அந்தப் பூ முடிந்தது.

இங்கே அந்தப் பூச்சி இல்லை. அவள் தூண்டில் நரம்புத் துண்டால் பூச்சியின் வேலையைச் செய்தாள். ஒரு பூவின் தூளை எடுத்துச் சோடிப் பூவில் வைக்க வேண்டும். அதற்கு இரண்டும் வேண்டும்.

அதே மாதம்தான் அக்காவின் மனுசன் விழுந்தார்.

துன் என்கிற ஊரில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினவர். கழுவிக்கொண்டு நின்றபடியே விழுந்தார். தலைக்குள் இரத்தம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். கண் திறக்கவில்லை.

அக்கா ஒருநாள் மட்டும் வரவில்லை. அடுத்த நாள் வந்தார்.

"வீட்டில இருக்கலாமே, அக்கா."

"இருந்து?"

நான் போய்க் குழாயைத் திறந்தேன்.

இரண்டாம் கிழமை பிரேசில் பெண் கத்தினாள். சோடியில் ஒன்று இல்லை. அடுத்த நாளும் இல்லை. நத்தை என்று முடிவெடுத்தார்கள். இங்கே நத்தைக்குப் பியர் வைப்பார்கள். தயிர்க் கிண்ணத்தில் ஊற்றி மண்ணில் புதைத்தால் நத்தை குடிக்கப் போய் விழும். கிண்ணம் வைக்கிற வேலை எனக்கு. கொதிகலன் கிழவர் வந்து பார்த்தார்.

"நல்ல பியர்," என்றார். "நத்தைக்கு என்ன தெரியும்?"

காலையில் பியர் குறைந்திருந்தது. நத்தை ஒன்றும் இல்லை. செஃப் என்னைப் பார்த்தார். நான் கிழவரைப் பார்த்தேன். கிழவர் கொதிகலன் பக்கம் போய்விட்டார்.

பூ தொடர்ந்து போனது. பிரேசில் பெண் முகம் வாடித் திரிந்தாள். மிஞ்சிய ஒற்றைப் பூவை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் என் மனிசியோடு கோவிலுக்குப் போனேன். தட்டில் கடைப் பூக்கள் கிடந்தன. அவற்றின் நடுவில், முருகனின் காலடியில், சுண்டு விரல் நக அளவில் ஒன்று. மஞ்சளும் வெள்ளையும்.

அக்கா தூணோடு இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அக்கா, அது எங்கட மூலைப் பூ."

"ஓம்."

"ஏன்?"

"நேர்த்தி. ஒருத்தரும் சாமிக்கு வைக்காத பூ வைக்கிறன் எண்டு. அவர் கண் திறக்குமட்டும்."

"பறிக்கக்கூடாது எண்டு செஃப் சொன்னவரெல்லோ."

"ஒண்டை விட்டுட்டுத்தான் எடுத்தனான், மனே. ஒரு நாளும் ரெண்டையும் தொடேல்லை."

அவருக்கு அது நியாயமாக இருந்தது. எத்தனையோ வருடம், எத்தனையோ வேலி. ஒன்றை விட்டால் செடிக்குப் பாதகம் இல்லை.

நான் சொன்னேன். ஒன்றின் தூளை மற்றதில் வைக்க வேணும். ரெண்டும் இருந்தாத்தான் காய்க்கும். ஒண்டை விட்டதும் ஒண்டையும் விடாததும் ஒண்டுதான்.

அக்கா சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை அதுக்கோ அழுதுகொண்டு திரிஞ்சது?"

"ஓம்."

"இனி எத்தினை பூக்கும்?"

"தெரியாது."

எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தச் செடியில் அவர் கை வைக்கவில்லை. திங்கட்கிழமை செஃப் பூதக்கண்ணாடியோடு வந்தார். அக்கா கையைத் தூக்கினார்.

கையைத் தூக்கியபடியே நின்றார். இறக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"ஏன்?" என்றார் செஃப்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். கோவிலுக்கு. கணவருக்காக. நேர்த்தி என்பதற்கு ஜேர்மனில் என்ன என்று எனக்குத் தெரியாது. கடவுளுக்குக் கொடுத்த வாக்கு என்று சொன்னேன்.

பிரேசில் பெண்ணின் கண் சிவந்திருந்தது.

"எங்கள் ஊரிலும் பூ கொடுப்போம்," என்றாள். "கடலுக்குப் போடுவோம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பூ."

கிழவர் சிரித்துவிட்டார். செஃப் சிரிக்கவில்லை. எழும்பிக் காற்சட்டை மண்ணைத் தட்டினார். கெட்ட மனுசன் இல்லை. ஆனால் அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். அந்தச் செடிக்குப் பணம் தந்தவர்கள் இருந்தார்கள்.

"இன்னும் சில சோடி விரியும்," என்றார். "பத்து விதை வேண்டும். ஐந்து பிரேசிலுக்குப் போக, ஐந்து இங்கே நிற்க. பத்து வந்தால் நத்தை என்று வைத்துக்கொள்கிறேன். வராவிட்டால் நான் மேலே எழுத வேண்டும்."

எழுதினால் களவு என்றுதான் எழுத வேண்டும். வேலை போகும். அக்காவுடைய அவுஸ்வைஸ், இந்த நாட்டில் இருக்கத் தருகிற அட்டை, வருடா வருடம் புதுப்பிக்கிறது. களவென்று பதிந்த ஆளுக்கு அதைப் புதுப்பிக்கிற இடத்தில் கேள்வி வரும். மனுசன் ஆஸ்பத்திரிக் கட்டிலில். எல்லாவற்றையும் நான் தமிழில் சொல்லவில்லை. பத்து விதை என்று மட்டும் சொன்னேன். மற்றது அவருக்கு விளங்கியது.

"எப்ப காய்க்குமாம்?"

"ஆனி, ஆடியில."

"சரி," என்றார். கையை இறக்கித் துணியை நனைத்தார்.

மிச்சச் சோடிகள் விரிந்தன. பிரேசில் பெண் விடிய வந்து தூண்டில் நரம்பைச் செருகினாள். அக்கா அந்த மூலைக்குப் போகவில்லை. காலையில் வேலிகளுக்கும் போகவில்லை. பை இல்லாமல் வருவார். கை வெறுமையாக இருக்கும். நேர்த்தியை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் இருந்து தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அக்கா ஒரு பெரிய இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டார். "யா" என்றார். மறுபடி "யா" என்றார். என்னிடம் தந்தார். இலையை நுனி வரைக்கும் துடைத்தார். துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டார்.

"அவர் முடிஞ்சுதாம்," என்றார்.

எரிக்கிற இடத்தில் சனம் இருந்தது. கடை ரோசாப் பூக்கள், பொலித்தீனோடு. பொலித்தீனைக் கழற்றச் சொன்னார் அக்கா. அவர் பூ வைக்கவில்லை. எல்லோரும் வைத்தார்கள், அவர் வைக்கவில்லை. பெண்டுகள் அதைக் கதைத்தார்கள். வீடு வீடாய்ப் பூப் பிடுங்கினவ, புருசனுக்கு ஒரு பூ வைக்கேல்லை என்று. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். ஏன் என்று எனக்கும் தெரியாது.

அடுத்த கிழமை வேலைக்கு வந்தார். சித்திரை முழுக்க வந்தார். அதே மாதிரித் துடைத்தார். வைகாசியில் ஒருநாள் வேலை முடிந்து கதவுத் திறப்பை ஆணியில் கொழுவினார். தன் துணியைத் தோய்த்துக் குழாயில் காயப் போட்டார்.

"நான் மகளிட்டப் போறன், தம்பி. கடதாசி அலுவல் எல்லாம் அவள் பார்த்திட்டாள்."

நான் செஃப்பைக் கூப்பிட்டு வந்தேன். காய் இன்னும் பச்சையாக இருக்கிறது, பொறுக்கச் சொல் என்றார் அவர். நான் சொன்னேன்.

"வந்தா வரட்டும்," என்றார் அக்கா. "வராட்டி, ஆள் போயிற்று எண்டு எழுதச் சொல்லு. செஃப்புக்கும் அது லேசு."

"அக்கா, பத்து வந்தா வேலை இருக்கு."

"யாருக்கு?"

செஃப் கை கொடுத்தார். அக்காவும் கொடுத்தார். பஸ் தரிப்பிடம் வரைக்கும் நான் கூடப் போனேன். வழியில் ஒரு வேலி நிறைய மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருடைய இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. இலை துடைக்கிற வேலையையும் எனக்குத் தந்தார்கள். நான் இரண்டு தரம் துடைக்கிறேன். ஒரு தரத்தில் போகிறதில்லை.

ஆடியில் கண்ணாடிக் கூரைக்கு நிழல் சாந்து பூசிக்கொண்டிருந்தேன். பிரேசில் பெண் கீழே இருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள். காய் வெடித்துவிட்டது. செஃப் வெள்ளைப் பீங்கான் தட்டு கொண்டு வந்தார். அவள் ஊசியால் கிளறி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மண் நிறத்தில் சின்ன விதை. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாய்ச் சதை. மற்றக் கதிர்த் துண்டுகளைப் பிரித்துப் பார்த்தாள். பிஞ்சிலேயே கருகியவைதான் இருந்தன.

செஃப் தட்டின் மேல் குனிந்து விரலால் எண்ணினார். நிமிர்ந்தார்.

"பத்து," என்றார்.

பிரேசில் பெண் தட்டைப் பார்த்தாள். பிறகு செஃப்பைப் பார்த்தாள். அவளும் "பத்து" என்றாள்.

"நத்தை," என்றார் செஃப் என்னிடம். "அவருக்குச் சொல். வரலாம். எப்போது வேண்டுமானாலும் வரலாம்."

தட்டை மேசையில் வைத்துவிட்டு மூடி எடுக்கப் போனார். நான் தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் ரெனானுக்குப் போன் எடுத்தேன். மகள் எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். பின்னால் பேரப்பிள்ளை பிரெஞ்சில் ஏதோ கத்தியது.

"எப்படி அக்கா இருக்கிறியள்?"

"இருக்கிறன். இங்க வேலி எல்லாம் வெட்டி வெட்டிச் சுவர் மாதிரி விட்டிருக்கிறாங்கள். ஒரு பூ இல்லை."

"காய் வெடிச்சிட்டுது."

அக்கா பிள்ளையை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு வந்தார்.

"செஃப் பத்து எண்டவர். உங்களை வரட்டாம்."

"செஃப் சொன்னது கிடக்கட்டும். நீ எண்ணினியோ?"

"ஓம்."

"எத்தினை?"

"ஒன்பது."